பெரிய படங்களை வீட்டிலேயே அச்சிடலாமா? பிரிண்டர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பல வீடுகளின் கூடத்தில் 1970களிலும் 80களிலும் ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படங்கள் இன்னும் தொங்குகின்றன. அவற்றுள் வண்ணப் படங்கள் பல சிவப்பேறி வெளிறிவிட்டன. அவற்றை ஸ்கேன் செய்து புதிதாக மாட்ட வேண்டும், கைப்பேசியிலேயே கிடக்கும் தீபாவளிப் படங்களையும் பட்டமளிப்பு விழாப் படங்களையும் சுவரில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் பெரிய பிரிண்டர் வாங்க நினைப்போர் உண்டு.

ஆசை நியாயமானதுதான். ஆனால், வாங்கிய ஓராண்டுக்குள் மை காய்ந்துபோய், மேசையை அடைத்துக்கொண்டு நிற்கும் பிரிண்டர்களும் உண்டு. கடைக்குப் போகும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, “என்ன விலை?” என்பதன்று. “மாதத்துக்கு எத்தனை படம் அச்சிடப் போகிறோம்?” என்பதே.

சும்மா இருந்தாலும் செலவு

பெரிய புகைப்படங்களுக்கு ஏற்றது, மையைத் தெளித்து அச்சிடும் இங்க்ஜெட் பிரிண்டர். அலுவலகங்களில் உள்ள லேசர் பிரிண்டர் எழுத்துகளுக்கு நன்று. தோலின் நிறம், வானத்தின் நிறம் போன்ற மென்மையான மாற்றங்களைக் காட்டுவதில் அது இங்க்ஜெட்டுக்கு ஈடாகாது.

இங்க்ஜெட்டின் பிரிண்ட் ஹெட்டில் தலைமுடியைவிட நுண்ணிய துளைகள் ஏராளம். வாரக்கணக்கில் பயன்படுத்தாவிட்டால் அவற்றில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளலாம்; படத்தில் கோடுகள் விழும். அடைப்பை நீக்க பிரிண்டர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்போது, காகிதத்தில் ஒரு துளிகூடப் படாமல் மை செலவாகும். அந்தக் கழிவு மை சேரும் பெட்டியை வீட்டிலேயே மாற்ற முடியுமா, சேவை நிலையத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டுமா என்பதையும் கடையில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆகவே, ஆண்டுக்கு ஐந்தாறு பெரிய படங்கள் மட்டுமே தேவைப்படும் குடும்பத்துக்கு ஸ்டூடியோவே மலிவு. வாரம் ஒன்றாவது அச்சிடும் பழக்கம் உள்ளவர்களுக்கே சொந்த பிரிண்டர் பொருந்தும்.

13 அங்குலமா, 17 அங்குலமா?

வீட்டுக்கேற்ற பெரிய பிரிண்டர்கள் பெரும்பாலும் இரண்டு அகலங்களில் வருகின்றன. 13 அங்குல பிரிண்டரில் ஏ3+ எனப்படும் 13க்கு 19 அங்குலப் படம் வரை அச்சிடலாம். எப்சன் பி700, கேனன் ப்ரோ-300 ஆகியவை இவ்வகை. 17 அங்குல பிரிண்டரில் ஏ2 அளவு வரை, அதாவது 16.5க்கு 23.4 அங்குலம் வரை போகலாம். எப்சன் பி900, கேனன் ப்ரோ-1000 ஆகியவை இதில் சேரும்.

பெரியதை வாங்கினால் எடையும் கூடும். ப்ரோ-1000 ஏறத்தாழ 32 கிலோ. ஒருவர் தனியாகத் தூக்கி வைக்க முடியாது. காகிதம் உள்ளே போகவும் வெளியே வரவும் முன்னும் பின்னும் இடம் விட வேண்டும் என்பதால், வீவக வீட்டின் படுக்கையறையில் வைக்க நினைப்பவர்கள் முதலில் மேசையை அளந்து பார்ப்பது அவசியம்.

மைக்கலன் அளவையும் ஒப்பிட வேண்டும். ப்ரோ-300இல் ஒரு கலன் 14.4 மில்லிலிட்டர். பி700இல் 25, பி900இல் 50, ப்ரோ-1000இல் 80 மில்லிலிட்டர். பிரிண்டரின் விலை குறைவாக இருந்தாலும், சிறிய கலன்களை அடிக்கடி மாற்றும்போது செலவு ஏறிவிடும். ஒரு கலனின் விலையை அதன் மில்லிலிட்டரால் வகுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இரண்டு வகை மை

சாயம் கரைந்த மை ஒரு வகை. இது பளபளப்பான தாளில் பளிச்சென்று தெரியும், எளிதில் அடைத்துக்கொள்ளாது. போத்தலிலிருந்து மையை ஊற்றிக்கொள்ளும் எப்சன் எல்18050 போன்ற ஏ3+ பிரிண்டர்களில் மைச் செலவும் குறைவு. ஆனால், வெளிச்சமும் காற்றும் பட்டால் படம் விரைவில் மங்கும்.

நிறமித் துகள்கள் கொண்ட பிக்மென்ட் மை மற்றொரு வகை. மேலே சொன்ன பி700, பி900, ப்ரோ-300, ப்ரோ-1000 நான்கும் இதையே பயன்படுத்துகின்றன. விலை அதிகம், சும்மா கிடந்தால் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். ஆனால், படம் நீண்ட காலம் நிறம் மாறாமல் இருக்கும். கறுப்புடன் சாம்பல் நிற மைகளும் இருப்பதால் கறுப்பு வெள்ளைப் படங்கள் நிறம் கலக்காமல் வரும். மறைந்த பெற்றோரின் படத்தை அடுத்த தலைமுறைக்காக மாட்டுவதென்றால் பிக்மென்ட் மையே சரி.

படத்தில் போதிய விவரம் உள்ளதா?

நல்ல பிரிண்டரும் இல்லாத விவரத்தை உருவாக்கித் தராது. கைப்பேசிகளில் வழக்கமான 12 மெகாபிக்சல் படத்தின் நீளம் 4,032 புள்ளிகள். அதை 19 அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 212 புள்ளிகள் கிடைக்கும். சுவரில் மாட்டிப் பார்க்க அது போதும். அதே படம் வாட்ஸ்அப் வழியாக வந்து 1,600 புள்ளிகளாகச் சுருங்கியிருந்தால் கிடைப்பது 84தான். முகம் மசமசவென்று தெரியும். எனவே, எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பையே கேட்டு வாங்க வேண்டும்.

பழைய 4ஆர் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 12க்கு 18 அங்குலம் வரை தாங்கும்.

திரையில் அழகாகத் தெரிந்த படம் தாளில் இருண்டு வந்தால், பிரிண்டரைக் குறை சொல்லும் முன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்கலாம்.

நம் ஊர் ஈரப்பதம்

சிங்கப்பூரின் ஈரக்காற்றில் திறந்து கிடக்கும் தாள் சுருளும், பிரிண்டரில் சிக்கும். மிச்சத் தாளை உறைக்குள் போட்டு நன்றாக மூடி வைக்க வேண்டும். அச்சிட்ட படத்தை ஒரு நாளாவது உலரவிட்ட பிறகே சட்டமிட வேண்டும். கண்ணாடியில் நேரடியாகப் பட்டால் படம் ஒட்டிக்கொள்ளும் என்பதால், இடையே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லலாம். நேர்வெயில் படும் சுவரும், விளக்குப் புகை படியும் இடமும் படத்துக்கு ஆகாது.

வாங்கும் முன் ஒரு சோதனை

பழைய பிரிண்டர் மலிவாகக் கிடைத்தால், விற்பவரின் முன்னிலையிலேயே நாசில் செக் எனப்படும் சோதனைத் தாளை அச்சிடச் சொல்ல வேண்டும். கோடுகள் விடுபட்டிருந்தால், மலிவு விலை மை வாங்குவதிலேயே போய்விடும்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் மூன்று மாதம் பொறுத்திருந்து, அச்சிட விரும்பும் படங்களைக் கடையில் கொடுத்து அச்சிட்டுப் பார்க்கலாம். பத்துப் படங்களைத் தாண்டிவிட்டால் பிரிண்டர் வாங்குவதை யோசிக்கலாம். இரண்டு மூன்றோடு நின்றுவிட்டால், மிச்சமாகும் பணத்தில் தாத்தா பாட்டியின் படத்தை நல்ல தாளில், நல்ல சட்டத்தில் போட்டு மாட்டிவிடலாம்.