வீடியோ விளையாட்டும் தலைமைப் பாத்திரமும்



கதைப் புத்தகம் படித்த பிள்ளை, "இளவரசன் பகைவனை வென்றான்" என்று சொல்லும். வீடியோ விளையாட்டு ஆடிய பிள்ளையோ, "நான் வென்றேன்" என்று சொல்லும். பள்ளிக்கூடங்களில் நாள்தோறும் கேட்கக்கூடிய பேச்சு இது. ஏட்டிலுள்ள தலைவனை நாம் பார்த்து நிற்கிறோம். விளையாட்டின் தலைமைப் பாத்திரத்தையோ நாமே இயக்குகிறோம். அதனோடு ஓடுகிறோம், விழுகிறோம், எழுகிறோம். ஆதலின் அப்பாத்திரம் ஆணா, பெண்ணா, எவ்வினத்தவர் என்னும் வினா அற்பமானதன்று. மேனாடுகளில் இதுபற்றிப் பல்லாண்டுகளாக வாதம் நிகழ்ந்து வருகின்றது.

ஒரே அச்சில் வார்த்தாற் போன்ற பாத்திரங்கள் எங்ஙனம் தோன்றின என்பதை முதலிற் காண்போம். 1981ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ, 'டொங்கி கொங்' என்ற விளையாட்டை வெளியிட்டது. பெருங்குரங்கொன்று ஒரு பெண்ணைக் கவர்ந்து செல்கிறது. தச்சன் ஒருவன் அவளை மீட்கிறான். அத்தச்சனே பின்னர் மாரியோ என்ற பெயரால் உலகப் புகழ் பெற்றான். அக்காலத் திரையிற் சில புள்ளிகளைக் கொண்டே உருவம் வரைய வேண்டியிருந்தது. வாயை வரைவது அரிதாகையால் மீசையும், தலைமயிரை வரைவது அரிதாகையால் தொப்பியும் அமைத்தார், அதனைப் படைத்த சிகெரு மியாமோட்டோ. ஆக, அவன் முகம் பொறியின் குறையினாற் பிறந்தது. ஆனால், மீட்பவன் ஆண், மீட்கப்படுபவள் பெண் என்னும் ஏற்பாட்டை எந்தப் பொறியும் வற்புறுத்தவில்லை. அது மனிதர் மனத்திலிருந்து வந்தது.

1986இல் வெளிவந்த 'மெட்ரொயிட்' விளையாட்டில், கவசமணிந்து போரிடும் சாமஸ் என்பவரை ஆங்கிலக் கையேடு ஆணாகவே குறித்தது. ஆட்டத்தை விரைந்து முடித்தோர்க்கோ கவசம் நீங்கி, உள்ளிருந்தவள் பெண்ணென்பது புலனாயிற்று. நல்ல திருப்பமே. எனினும், இன்னும் விரைந்து முடித்தோர்க்கு அவள் நீச்சலுடை போன்ற உடையிற் காட்சியளித்தாள். வீராங்கனையே வென்றவனுக்குரிய பரிசுமானாள்! 1996இல் தோன்றிய லாரா குரொஃப்ட் துணிவும் கல்வியும் உடையவள். விளம்பரங்களோ அவள் உடலழகையே முன்னிறுத்தின. 150 விளையாட்டுக்களின் பாத்திரங்களை எண்ணி 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, அமெரிக்க மக்கட்டொகையோடு ஒப்பிடுகையில் ஆண்களும் வெள்ளையரும் அளவுக்கு மிஞ்சி இடம்பெற்றமையை எடுத்துக்காட்டியது.

"விளையாட்டு இன்பத்துக்குரியது, படைப்பாளன் இனவாரியாகக் கணக்குப் பார்த்து ஆட்சேர்க்க வேண்டுமா?" என்று கேட்போர் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. கணக்குக்காக ஒட்டவைத்த பாத்திரம் உயிர் பெறாது. ஆயின், பழைய வார்ப்புக்களும் கற்பனையின் சுதந்திரத்தாற் பிறந்தவையல்ல, பழக்கத்தாற் பிறந்தவை. பழக்கத்தை விட்டு விலகுவது படைப்பாளனின் உரிமையைச் சுருக்காது, விரிக்கும்.

இதற்குச் சான்றுகள் இரண்டு கூறுவேன். அலாஸ்காவின் பழங்குடியினராகிய இனுபியாட் மக்களின் பங்களிப்போடு 2014இல் உருவானது 'நெவர் அலோன்'. அம்மக்களின் மொழியிலேயே கதை சொல்லப்படுகிறது. தலைமைப் பாத்திரம் நூனா என்னும் சிறுமி. துணை ஒரு வெண்ணரி. புயற்காற்று வீசும்போது குனிந்து ஊன்றி நிற்கக் கற்றாலன்றி அதில் முன்னேற முடியாது.

மற்றது நம் மொழியோடு தொடர்புடையது. கனடாவின் டொரன்டோ நகரிலுள்ள சிறு நிறுவனமொன்று 2023இல் வெளியிட்ட அவ்விளையாட்டின் பெயர் 'வெண்பா'. 1980களிற் கனடாவிற் குடியேறிய தமிழ்ப் பெண்ணொருத்தியே அதன் தலைவி. தாய் தந்த சமையற் குறிப்பேட்டில் எழுத்துக்கள் சிதைந்துள்ளன. அவற்றை ஊகித்து இட்டலி முதலியன ஆக்குவதே ஆட்டம். தமிழைவிட்டு அகன்று செல்லும் மகனோடு உறவைக் காப்பதே அவளுடைய போராட்டம். வெட்டுவதற்குப் பகைவர் எவருமில்லை.

இவ்விரண்டிலும் முகம் மாத்திரம் மாறவில்லை. தலைமைப் பாத்திரம் செய்யும் செயலே மாறியிருக்கிறது. பழைய தச்சனின் முகத்துக்குப் பதிலாக வேறொரு முகத்தை ஒட்டி, அதே அடிதடியை நடத்துவதைப் பன்மை என்று கொள்ளலாகாது.

பெற்றோர் பிள்ளைகளின் விளையாட்டைத் தடைசெய்ய வேண்டுமென்று நான் கூறவில்லை. ஆட்டம் முடிந்தபின் அருகில் அமர்ந்து, "இன்று நீ யாராக இருந்தாய்? யாரை மீட்டாய்? யாரைத் துரத்தினாய்? ஏன்?" என்று கேளுங்கள். அவ்வினாக்களுக்கு விடை தேடும் பிள்ளை, தான் ஆடும் பாத்திரத்தையும் ஆராய்ந்து பார்க்கக் கற்றுக்கொள்ளும்.