மாம்பூவும் மழையும்: ஆய்வுத் தலைப்பை எப்படிச் சுருக்குவது?

தோட்டக்கலை படிக்கிறீங்களா? "தட்பவெப்பமும் தோட்டப்பயிர் விளைச்சலும்" என்று தலைப்பு கொடுத்திருந்தால், வழிகாட்டி கையெழுத்துப் போடும் முன் திரும்ப வாங்கிடுங்க. அதில் எந்தப் பயிர், எந்த மாவட்டம், எந்த மாதம் என்று எதுவுமே இல்லை.

கிருஷ்ணகிரி மாம்பழத்தை எடுத்துக்குவோம். மா நன்றாகப் பூக்க இரவுக் குளிர் வேணும். பூத்தபின் மழை பெய்தால் மகரந்தம் வீணாகும், பூங்கொத்து பூசணம் பிடித்துக் கருகும். அதனால் வருஷ மழை மொத்தத்தை விளைச்சலோடு ஒப்பிட்டுப் பயனில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பெய்ததைத் தனியாகப் பாருங்க. சில ரகங்கள் ஒரு வருஷம் நிறையக் காய்த்து மறு வருஷம் ஓய்வெடுக்கும். அந்தப் பழியை மழை மேல் போட்டுடாதீங்க.

அடுத்தது தரவு. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். உழவன், மேகதூத் செயலிகளில் பார்ப்பது வரப்போகும் வானிலை. ஆய்வுக்கு வேண்டியது கடந்த காலக் கணக்கு. இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலக இணையதளத்தில் 1901 முதல் தினசரி மழையளவு 0.25 டிகிரி கட்டங்களாக இலவசமாகக் கிடைக்கிறது. வெப்பநிலை 1951 முதல் உண்டு. ஆனால் 1 டிகிரி கட்டம், அதாவது ஒரு பக்கம் சுமார் 110 கி.மீ. ஒரு தாலுகாவின் இரவுக் குளிரை அதில் தேட முடியாது. அதனால் மழையை எடுப்பதே நல்லது.

மாவட்டவாரிப் பயிர்க் கணக்குக்கு, மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் பருவ மற்றும் பயிர் அறிக்கையைப் பாருங்க. ஒரு விஷயம்: கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004-ல். அதற்கு முந்தைய எண்கள் தர்மபுரியோடு கலந்திருக்கும். ஆக, "கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பூக்கும் பருவ மழையும் மா விளைச்சலும், 2005 முதல்" என்று தலைப்பை மாற்றி எழுதிக் கொடுங்க.