விளம்பரமும் மலையகமும்

விளம்பரம் பண்டத்தை விற்பதோடு அமைவதன்று; அப்பண்டத்தை விளைவிக்கும் மக்களைப் பற்றிய எண்ணத்தையும் உருவாக்குவது. இதற்கு அப்புத்தளையே சான்று. 1890இல் இங்குத் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தம்பேத்தன்னையில் தொழிற்சாலை நிறுவினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு வருவது தம் தேயிலை என விளம்பரஞ் செய்தார். கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் அவ்வழியே உலகெங்கும் பரவிற்று. அவ்வுருவை அறிந்த உலகம் அவள் வாழ்ந்த லயத்தை அறிந்திலது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவள் சமூகத்தாரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னும் எஞ்சியோருக்கு 2003இலேயே வழி பிறந்தது. படம் மறைத்த துயரை மலையக நாட்டார் பாடல்கள் காத்துவைத்தன. ஆதலின் ஒரு சமுதாயத்தை அறிய விழைவோர் விளம்பரத்தையும் பாடலையும் ஒருங்கே வைத்து ஆராய்தல் வேண்டும்.