பாடன் நகரில் அலுவலக மொழியைக் கற்கும் இளைஞர்கள்

சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தில், சூரிச்சுக்கு வடமேற்கே லிம்மாத் ஆற்றங்கரையில் உள்ள பாடன் நகரில், வணிகத் தொடர்பாடலைக் கற்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் வகுப்பறையைவிட அலுவலக மேசையில்தான் அதிக நேரத்தைச் செலவிடுகின்றனர். பதினாறு வயதிலேயே அவர்கள் உண்மையான வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுகின்றனர். பதில் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று தொலைபேசியில் விசாரிக்க வேண்டியவர்களும் அவர்களே.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதே பாடம் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக, பெரும்பாலும் ஆங்கிலப் பாடத்தின் மறுபெயராகக் கற்பிக்கப்படுகிறது. ஆங்கிலம் சரளமாகப் பேச வந்துவிட்டால் தொடர்பாடல் திறனும் வந்துவிட்டது என்ற எண்ணம் பெற்றோரிடமும், வேலைக்கு ஆள் எடுப்போரிடமும் வேரூன்றியிருக்கிறது. பாடன் நகரின் அனுபவம் இந்த எண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறது. சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கோ இது பிள்ளைகளின் வேலைவாய்ப்போடு நேரடியாகப் பிணைந்த விடயமாகவும் உள்ளது.

நிர்வாகங்கள் மாறிய நகரம்

வெந்நீர் ஊற்றுகளுக்காக ரோமானியர் காலம் முதல் அறியப்பட்ட பாடன், தொழில் நகரமாக மாறியது 1891 ஆம் ஆண்டில் சார்ல்ஸ் பிரவுன், வால்டர் போவேரி ஆகிய இருவரும் தமது மின்பொறி நிறுவனத்தை அங்கு தொடங்கிய பின்னர்தான். அந்த பிரவுன் போவேரி நிறுவனத்தை உள்ளூர் மக்கள் சுருக்கமாக பி.பி.சி. என்றே அழைத்தனர். அதே பெயர் கொண்ட ஒலிபரப்பு நிறுவனம் லண்டனில் தோன்ற அப்போது இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

1988 இல் இந்நிறுவனம் சுவீடனின் ஆசேயா நிறுவனத்துடன் இணைந்து ஏ.பி.பி. ஆனபோது, இரு தரப்பினரும் எந்த மொழியில் பேசிக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது. ஆங்கிலமே நிறுவனத்தின் மொழி என்று தீர்மானிக்கப்பட்டது. அது இரு தரப்பிலும் பெரும்பாலோருக்குத் தாய்மொழி அல்ல. பின்னர் மின்னுற்பத்திப் பிரிவு 2000 இல் பிரான்சின் ஆல்ஸ்டோம் நிறுவனத்தின் கைக்கும், 2015 இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கைக்கும் சென்றது. டர்போசார்ஜர் தயாரிக்கும் பிரிவு 2022 இல் தனி நிறுவனமாகப் பிரிந்தது.

ஆக, இருக்கையை மாற்றாமலேயே சுவீடன்-சுவிஸ், பிரெஞ்சு, அமெரிக்க நிர்வாகங்களுக்கு அடுத்தடுத்து அறிக்கை எழுத வேண்டிய நிலை பாடனில் பல அலுவலர்களுக்கு ஏற்பட்டது. மேலிடத்துக்கு ஆங்கிலம், உள்ளூர் அரசு அலுவலகத்துக்கு எழுத்து ஜெர்மன், பக்கத்து மேசையில் இருப்பவரிடம் சுவிஸ் ஜெர்மன் வட்டார வழக்கு என்று, ஒரே நாளில் மூன்று மொழி வடிவங்களை மாற்றி மாற்றிக் கையாளுவது அங்கு சாதாரண அலுவலக வேலை.

வேலையே பாடம்

சுவிட்சர்லாந்தில் கட்டாயக் கல்வியை முடிப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர், ‘லேரெ’ எனப்படும் தொழிற்பயிற்சிக்குச் செல்கின்றனர். அவற்றில் மிக அதிகமானோர் தெரிவு செய்வது, பேச்சுவழக்கில் ‘கா-ஃபவு’ என்று சொல்லப்படும் வணிக அலுவலர் பயிற்சி. இது மூன்றாண்டுகள் நீடிக்கும். வாரத்தில் ஓரிரு நாட்கள் தொழிற்பள்ளியிலும், மற்ற நாட்கள் வங்கி, காப்புறுதி நிறுவனம், நகராட்சி, பொறியியல் நிறுவனம் போன்ற ஓர் இடத்தில் மாதச் சம்பளத்துடன் வேலையிலும் கழியும். முடிவில் கூட்டாட்சி அரசு அங்கீகரித்த சான்றிதழ் கிடைக்கும். பாடனிலும் இதற்கான வணிகத் தொழிற்பள்ளி உள்ளது.

இந்தப் பயிற்சியின் அமைப்பு 2023 ஆம் ஆண்டில் பெருமளவில் மாற்றப்பட்டது. அதுவரை மொழி, பொருளியல், அலுவலக நிர்வாகம் என்று தனித்தனிப் பாடங்களாக இருந்தவை, வேலையில் எதிர்ப்படும் சூழ்நிலைகளை ஒட்டி ஐந்து செயல்திறன் துறைகளாகத் திருத்தி அமைக்கப்பட்டன. வாடிக்கையாளரோடும் பொருள் வழங்குநரோடும் உறவைப் பேணுவது அவற்றில் ஒன்று. உதாரணமாக, பழுதான பொருள் வந்து சேர்ந்ததாக ஒருவர் புகார் செய்கிறார் என்றால், அவர் சொல்வதைக் கேட்டுக் குறிப்பெடுப்பது, பொறுப்பு யாருடையது என்று பார்ப்பது, கழிவைக் கணக்கிடுவது, நிறுவனத்துக்குப் பாதகம் வராத சொற்களில் வருத்தம் தெரிவித்து எழுதுவது எல்லாம் ஒரே பயிற்சிக்குள் வந்துவிடும்.

தனிப் பாடங்கள் மறைந்தால் மொழி அறிவு ஆழமற்றதாகிவிடும் என்று ஆசிரியர்கள் தரப்பில் விமர்சனங்கள் எழுந்தன. 2022 இல் தொடங்குவதாக இருந்த திட்டம் ஓராண்டு தள்ளிப்போனது. அந்த விமர்சனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இலக்கணம் தடுமாறுபவர் எழுதும் மன்னிப்புக் கடிதத்தில், மன்னிப்பைவிடப் பிழைதான் முதலில் கண்ணில் படும்.

ஒரு காற்புள்ளியும் ஒரு குடும்பப் பெயரும்

பயிலுநர்கள் முதலில் கற்கும் விடயங்கள் மிகச் சிறியவை. ஜெர்மனியில் கடிதத்தின் விளிப்புக்குப் பின் காற்புள்ளி இட்டு அடுத்த வரியைச் சிறிய எழுத்தில் தொடங்குவார்கள். சுவிட்சர்லாந்தில் காற்புள்ளி இடாமல், அடுத்த வரியைப் பெரிய எழுத்தில் தொடங்குவதே வழக்கம். இரண்டு ‘எஸ்’ ஓசைக்கு ஜெர்மனியில் பயன்படும் தனி எழுத்தும் சுவிஸ் கடிதங்களில் இடம்பெறுவதில்லை. கடிதம் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதைப் பார்த்து இவற்றை மாற்றத் தெரிந்தவரையே நல்ல அலுவலர் என்பார்கள்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு ஜெர்மன் மொழியிலும் உண்டு என்பதால் தமிழ் இளைஞர்களுக்கு அது புதிதல்ல. ஆனால் பயன்படும் முறை வேறு. தமிழில் வயதும் உறவும் அதைத் தீர்மானிக்கின்றன. சுவிஸ் அலுவலகத்தில், வயதில் அல்லது பதவியில் மூத்தவர் முன்வந்து ‘இனி என்னை நீ என்றே அழைக்கலாம்’ என்று சொன்ன பின்னர்தான் இளையவர் அப்படி அழைப்பார். இன்று பல நிறுவனங்களில் மேலாளர் முதல் பயிலுநர் வரை எல்லோரும் ‘நீ’தான். தந்தையின் வயதுள்ள ஒருவரை அவ்வாறு அழைக்க, வீட்டில் பெரியவர்களைப் பன்மையில் அழைத்து வளர்ந்த பிள்ளைக்கு நாக்கு தயங்குவது இயல்பு. அதே பிள்ளை வெளி வாடிக்கையாளரிடம் ‘நீங்கள்’ என்பதை மறந்தால் அது தவறாகிவிடும்.

தொலைபேசியை எடுத்ததும் ‘ஹலோ’ என்று மட்டும் சொல்வது அங்கு போதாது. நிறுவனத்தின் பெயரையும் தனது குடும்பப் பெயரையும் சொல்ல வேண்டும். தமிழருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாததால், குடியேறியபோது பலருக்குத் தந்தையின் பெயர் அந்த இடத்தில் பதிவானது. இதன் விளைவாக, அலுவலகத் தொலைபேசியில் ஒரு தமிழ் இளம்பெண் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது உச்சரிப்பது தன் தகப்பனாரின், சில வேளைகளில் பாட்டனாரின் பெயராக இருக்கிறது. நீண்ட அந்தப் பெயரை மறுமுனையில் இருப்பவர் எழுதிக்கொள்ளும்படி எழுத்தெழுத்தாக, அலுப்பின்றிச் சொல்லப் பழகுவதும் அவருக்கு ஒரு தொடர்பாடல் பயிற்சியே.

இருவகை மொழியும் தமிழ்ப் பிள்ளைகளும்

பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என இரு வடிவங்கள் ஒரே சமூகத்தில் நிலவுவதை விளக்க, மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்துக்கொண்ட நான்கு உதாரணங்களில் சுவிஸ் ஜெர்மனும் ஒன்று. தமிழருக்கு இந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ பேசுவது போல யாரும் விண்ணப்பம் எழுதுவதில்லை. இடத்துக்கு ஏற்ப மொழியை மாற்றும் பழக்கம், வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளைக்கு ஏற்கனவே இருக்கிறது.

அத்துடன் இன்னொரு பயிற்சியும் அவர்களில் பலருக்கு வாய்த்திருக்கிறது. 1983 இன் வன்முறைக்குப் பின்னர் சுவிட்சர்லாந்துக்கு அகதிகளாக வந்த தமிழர்களில் பலர் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் வேலை செய்தனர். அவர்களில் பலருக்கு, காப்புறுதி நிறுவனமும் நகராட்சியும் வரி அலுவலகமும் அனுப்பிய கடிதங்களை வாசித்துச் சொன்னவர்களும் பதில் எழுதியவர்களும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளே. ஒரு சிறுவன் மீது அச்சுமையை ஏற்றியது சரியா என்பது வேறு கேள்வி. ஆனால் அதிகாரியின் மொழியை அம்மாவின் மொழிக்கும், அம்மாவின் கவலையை அதிகாரிக்குப் புரியும் மொழிக்கும் மாற்றிய அனுபவத்துக்குப் பள்ளிச் சான்றிதழில் ஓர் இடமும் இல்லை.

முதல் கடிதமே தடையாகும் வேளை

பயிற்சி இடம் கிடைப்பதற்கே கடிதம் எழுத வேண்டும் என்பதுதான் சிக்கல். பதினான்கு, பதினைந்து வயதில் மாணவர்கள் சில நாட்கள் நிறுவனத்தில் தங்கி வேலையைப் பார்க்கிறார்கள். ‘முகர்ந்து பார்க்கும் பயிற்சி’ என்பதே அதன் ஜெர்மன் பெயரின் பொருள். பின்னர் விண்ணப்பம், நேர்முகம். பெற்றோருக்கு இந்த நடைமுறை தெரிந்த வீடுகளில் பிள்ளையின் கடிதத்தைத் திருத்த ஆள் இருக்கும். தமிழ் வீடுகளில் அந்த உதவி பெரும்பாலும் ஆசிரியரிடமிருந்தோ, முன்னரே பயிற்சி முடித்த அண்ணன் அக்காவிடமிருந்தோ வர வேண்டும்.

கடிதம் பிழையின்றி இருந்தாலும் பெயர் குறுக்கே நிற்கலாம். நொய்சாத்தல் நகரிலுள்ள இடம்பெயர்வு ஆய்வு மையம் 2003 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சம தகுதி கொண்ட கற்பனை விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. துருக்கிய, முன்னாள் யூகோஸ்லாவியப் பெயர்கள் கொண்டவர்கள் பாகுபாட்டுக்கு உள்ளானது அதில் தெரியவந்தது. தமிழ்ப் பெயர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. என்றாலும், எழுத்துத் திறனால் மட்டுமே எல்லாக் கதவுகளும் திறக்கும் என்று இளைஞர்களுக்குச் சொல்வது நேர்மையாகாது. நேரில் சில நாட்கள் வேலை செய்து காட்டும் அந்த முகர்ந்து பார்க்கும் பயிற்சி, இவர்களுக்குக் கடிதத்தைவிடப் பயன்படக்கூடும் என்பதும் இதனால்தான்.

தமிழ்நாட்டில் இக்குறையைக் களைய முயற்சிகள் இல்லாமல் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் தொழில்சார் ஆங்கிலமும் அதற்கான ஆய்வகமும் முதலாண்டிலேயே இடம்பெற்றன. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் தொடர்பாடல் பயிற்சியை உள்ளடக்கியது. ஆனால் ஆய்வகத்தில் ஒத்திகை பார்க்கும் மாணவருக்கு எதிரே இருப்பவர் சக மாணவர்தான். கடிதம் தவறாகப் போனால் யாருக்கும் நட்டமில்லை. கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ வேலைக்குச் சேர்பவர் ஆலைத் தொழிலாளியிடமும் லாரி உரிமையாளரிடமும் வங்கியிடமும் தமிழில்தான் பேசியாக வேண்டும் என்றாலும், தமிழில் ஒரு நிலுவைத் தொகையைப் பண்பாகக் கேட்டு எழுதும் பயிற்சி தொழில்நுட்பக் கல்லூரிகளில் அரிது.

பாடன் பகுதித் தமிழ்ப் பெற்றோரிடம் வேறொரு தயக்கம் காணப்படுகிறது. பதினாறு வயதில் வேலைக்குப் போவது படிப்பைக் கைவிடுவதாகாதா, மருத்துவராகவோ பொறியியலாளராகவோ வரும் வழி அடைபடாதா என்பது அது. தொழிற்பயிற்சியுடன் சேர்த்தோ அதற்குப் பின்னரோ தொழில்சார் உயர்கல்வித் தகுதிச் சான்றிதழைப் பெறுபவர் பயன்முறைப் பல்கலைக்கழகத்தில் சேரலாம். மேலும் ஒரு துணைத் தேர்வில் தேறினால் மற்றப் பல்கலைக்கழகங்களும் திறந்திருக்கும். பாடனிலிருந்து ரயிலில் சில நிமிடத் தொலைவில், புருக்-விண்டிஷில் வடமேற்கு சுவிட்சர்லாந்து பயன்முறைப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அங்கு வணிகவியல் இளங்கலை படிப்பவர்களில் பலர், அலுவலக வேலையை விடாமல் பகுதிநேரமாகவே படிக்கின்றனர்.