பழைய துவக்கும் பண்பட்ட குறியும்

கிருலப்பனைக் கால்வாயோரத்தில் வாழும் தமிழாசிரியன் ஒருவனுக்கும் வேட்டைத் துவக்குக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் வியத்தல் கூடும். கடிதம் ஒன்றே காரணம். என்னிடம் பயின்று, இன்று கனடாவின் வட பகுதியில் தொழில் புரியும் மாணவர் ஒருவர் வேட்டை உரிமம் பெற்று, பழைய லீ என்பீல்ட் துவக்கொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறார். கையில் பணம் அதிகமில்லை, அதனைச் செப்பனிட என்ன செய்யலாம் என்று கேட்டெழுதியிருந்தார். எனக்கிருப்பது நூலறிவு மட்டுமே. ஆதலால் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும், படையில் ஆயுதங்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை நாடினேன்.

கதவுத் தாழ்ப்பாளைப் போலக் கையால் திறந்து மூடும் போல்ட் பொறி கொண்டது இவ்வகைத் துவக்கு. பிரித்தானியப் படை 1895ஆம் ஆண்டில் லீ என்பீல்டை ஏற்றது. ஜெர்மனியில் பால் மௌசரின் புகழ்பெற்ற பொறி 1898ஆம் ஆண்டில் உருவாயிற்று. உலகப் போர்கள் முடிந்தபின் எஞ்சிய படைத் துவக்குகள் மலிவாக விற்கப்பட்டன. எளிய வேட்டைக்காரர் அவற்றை வாங்கி, மரத்தைக் குறுக்கி, சுமையைக் குறைத்து வேட்டைக்கு உரியனவாக்கினர். கனடாவின் வடபுலத்தைக் காக்கும் ரேஞ்சர்கள் 1947ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இத்துவக்கையே ஏந்தினர். கடுங்குளிரிலும் அது கைவிடவில்லை. இந்தியாவில், படைக்குரிய அளவுத் தோட்டாக்கள் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டமையால், இதே வகைப் பொறியைக் கொண்டு .315 அங்குல வேட்டைத் துவக்கை வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலை செய்தது. பழைய பொறியைப் புதிய பயனுக்குத் திருப்புவது நமக்கும் புதிதன்று. மொரிஸ் மைனர் கார்களைத் தலைமுறை கடந்தும் ஓட்டி வருபவர்கள் நாம் அன்றோ!

கடிதத்தைப் படித்துக் காட்டியதும் பெரியவர் நகைத்தார். "மாஸ்டர், என்ன வாங்கலாம் எண்டு கேக்கிறார். உள்ளதைத் துடைச்சுப் பாத்தவரோ?" என்றார். முதற் செப்பம் துப்புரவு என்பது அவர் கருத்து. பழைய படைத் தோட்டாக்கள் பல, வெடித்தபின் உப்பை விட்டுச் செல்லும். அவ்வுப்பு ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். எண்ணெய் அதனைக் கரைக்காது. கொதிநீரால் கழுவி, உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் பூசுதல் வேண்டும். துடைக்கும் கோலைப் பின்புறத்தாலேயே செலுத்த வேண்டும். முன்புறத்தால் செலுத்தினால் குழல்வாய் தேயும். அவ்விளிம்பில் சிறு வடு இருப்பினும், சன்னம் நீங்கும் கணத்தில் வாயு ஒருபுறமாகச் சீறி அதனைச் சாய்த்துவிடும்.

அடுத்தது மரம். அது மாரியில் பருத்துக் கோடையில் சுருங்கும்; குழலை அழுத்தும் இடமும் மாறும்; அதனோடு குறியும் மாறும். பொறியை மரத்தோடு பிணைக்கும் திருகாணிகள் இறுகியுள்ளனவா என்று பார்ப்பதற்குச் செலவில்லை. பல துவக்குகளில் குழலுக்கும் மரத்துக்கும் இடையே காகிதத் துண்டொன்று தடையின்றிச் சென்றுவர வேண்டும். தடைப்படும் இடத்தைச் சிறிது தேய்த்தால் குறி நிலைபெறும். ஆயினும் லீ என்பீல்டிற் சில வகைகள், குழலின் முனையை மரம் கீழிருந்து தாங்குமாறு அமைந்தவை. அதனை அறியாது தேய்ப்பவன் காசு கொடாமலே துவக்கைக் கெடுத்தவன் ஆவான்.

சிக்கனம் கூடாத இடங்கள் இரண்டு உண்டு. ஒரு துவக்கின் போல்ட்டை மற்றொன்றில் மாட்டக் கூடாது. தோட்டா அமரும் இடைவெளி பிழைத்தால் அது பின்புறமாக வெடித்துச் சுடுபவனையே தாக்கலாம். விசையைத் தானே அரத்தால் தேய்த்து இலகுவாக்கவும் கூடாது. தொடுமுன்னே வெடிக்கும் துவக்கு எவருடைய உயிருக்கும் யமன். இவ்விரண்டையும் தொழிலறிந்தவரிடம் கூலி கொடுத்தே சரிபார்க்க வேண்டும். தொலைநோக்கிக் கண்ணாடி கடைசியாக வரட்டும். ஆட்டம் காணும் பிடியில் மாட்டிய விலையுயர்ந்த கண்ணாடியிலும், இறுகப் பொருத்திய எளிய இரும்புக் குறி மேலானது. எஞ்சிய பணம் முழுவதும் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் செல்க என்று முடித்தார் பெரியவர்.

இத்துணை நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். ஜிம் கோர்பெட் 1907ஆம் ஆண்டில் குமாவோன் மலையில் சம்பாவத் பெண்புலியைக் கொன்றார். அப்புலி 436 மனிதரைக் கொன்றது என்று அவர் எழுதுகிறார். அதன் வலப்புறக் கோரைப்பற்களில் மேற்பல் பாதியாகவும், கீழ்ப்பல் எலும்புவரையும் முறிந்திருந்தன. எவனோ முன்னர்ச் சுட்ட சன்னமே காரணம். காட்டு விலங்கைப் பற்ற இயலாத புலி மனிதனை நாடிற்று என்பது கோர்பெட்டின் முடிபு. குறி தவறிய ஒருவனுடைய பெயரை எவரும் அறியார். அத்தவறுக்கான விலையை நேபாளத்திலும் குமாவோனிலும் ஊர் ஊராக ஏழை மக்கள் செலுத்தினர்.

முயலை வீழ்த்திய அம்பிலும் யானையைத் தவறவிட்ட வேலே பெருமையுடையது என்னும் கருத்தை வள்ளுவர் படைச்செருக்கில் வைத்தார். அது போர்க்களத்து வீரனின் அறம். வேட்டைக்காரனுக்கு அது பொருந்தாது. முற்றும் தவறிய சன்னம் மண்ணிற் புதைந்து போகும். அரைகுறையாகத் தைத்த சன்னமோ ஓர் உயிரைப் பல நாள் வதைக்கும்.

நம் நாடும் இதனை அறியும். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் பேசப்படும் மேஜர் ரொஜர்ஸ் 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். நுவரெலியாவில் அவர் கல்லறை உளது. வீழ்ந்தவற்றை எண்ணியவர்கள், காயத்தோடு காட்டுக்குள் ஓடியவற்றை எண்ணினரோ, அறியோம். வனசீவராசிகளையும் தாவரங்களையும் காக்கும் சட்டம் 1937ஆம் ஆண்டில் வந்தது. ஆயினும் வயற்காவலின் பெயரால் சுடப்பட்டு, புண் சீழ்பிடித்து, நடக்கமாட்டாமல் குளக்கரைகளில் விழுந்து சாகும் யானைகளை இன்றும் காண்கிறோம். பயிரை இழந்த உழவனின் துயர் பொய்யன்று. இருளில், கிடைத்த துவக்கால், விரட்டினாற் போதும் என்று சுட்ட சூடு அத்துயரைத் தீர்ப்பதில்லை. வலியால் வெகுண்ட விலங்கு அடுத்த ஊருக்குள் புகுகிறது.

மாணவருக்கு நான் எழுதிய மறுமொழியில் பெரியவரின் அறிவுரைகளை வரிசையாகக் கொடுத்து, என் பங்குக்கு ஒன்றே ஒன்று சேர்த்தேன். நூறு மீற்றரில் பத்துச் சூடும் உள்ளங்கை அளவுக்குள் விழும்வரை காட்டுக்குள் செல்ல வேண்டாம். சென்றபின், அந்த நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் மான் எவ்வளவு கொழுத்ததாயினும் துவக்கைத் தாழ்த்திவிடுக என்று எழுதினேன். துவக்கின் ஆற்றல் அதனினும் நெடுந்தூரம் செல்லும். சுடுபவனின் உரிமை அவன் பயின்ற தூரத்தோடு நின்றுவிட வேண்டும்.