மாசடைந்த மண்ணும் மறுமேம்பாடும்: இடரை அளந்தறியும் முறை

சிங்கப்பூரின் காலாங் ஆற்றங்கரையில் 1862ஆம் ஆண்டில் எரிவாயு ஆலை ஒன்று நிறுவப்பட்டது. நிலக்கரியிலிருந்து பெற்ற வாயுவைக் கொண்டு 1864 முதல் நகரின் தெருவிளக்குகள் எரிந்தன. 1998இல் ஆலை மூடப்பட்டது. கம்போங் பூகிஸ் எனப்படும் அப்பகுதியைக் குடியிருப்பு வட்டாரமாக்க நகர மறுசீரமைப்பு ஆணையம் திட்டமிட்டது. ஆலை அகன்றது, மண்ணில் தங்கிய கழிவும் அகன்றதா? இவ்வினாவுக்கு விடை காணாமல் அங்கு வீடு எழுப்பலாகாது. அவ்விடையைக் காணும் முறையே இக்கட்டுரையின் பொருள்.

நிலக்கரி வாயு ஆலைகள் எந்நாட்டில் இயங்கினும் அவை விட்டுச்செல்லும் கழிவுகள் ஏறத்தாழ ஒரே தன்மையுடையன. முதலாவது தார். அதில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சோபைரீன் போன்ற சேர்மங்கள் உள்ளன. அடுத்தது எளிதில் ஆவியாகும் பென்சீன். மூன்றாவது, வாயுவைத் தூய்மை செய்தபோது எஞ்சிய சயனைடு சேர்ந்த கழிவு. அது மண்ணுக்கு நீல நிறத்தையும் தருவதுண்டு.

இங்கு ஓர் அடிப்படை வேறுபாட்டை உணர்தல் வேண்டும். மண்ணில் நஞ்சு உண்டு என்பதும் அதனால் இடர் உண்டு என்பதும் ஒன்றல்ல. இடர் ஏற்பட மூன்று கண்ணிகள் இணைய வேண்டும்: மாசின் மூலம், அது பயணம் செய்யும் வழி, அதனால் பாதிக்கப்படும் உயிர். இவற்றுள் ஒன்று அறுபட்டாலும் தீங்கு நேராது. எனவே ஆய்வாளர் முதலில் நிலத்தின் பழைய வரைபடங்களையும் பதிவேடுகளையும் படிப்பார். தார்க்குழி எங்கிருந்தது, கழிவு எங்குக் கொட்டப்பட்டது எனக் கண்டறிவார். பின்னர் அவ்விடங்களில் துளையிட்டு மண், நிலத்தடி நீர், மண்ணிடை வாயு ஆகியவற்றின் மாதிரிகளை எடுப்பார்.

அடுத்து, அந்நிலத்தில் யார் வாழப்போகின்றனர் என்னும் வினா எழுகிறது. ஒரே மண்ணின் மீது வாகன நிறுத்துமிடம் அமைந்தால், மேற்பூச்சு மண்ணை மூடிவிடுவதால் மண் உடலுட்செல்லும் வழி பெரும்பாலும் அடைபடும். அங்கே பாலர்பள்ளி அமைந்தால் நிலை வேறு. குழந்தை மண்ணில் விளையாடி, கையை வாயில் வைக்கும். அதன் உடல் எடையும் குறைவு. ஆகவே ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு அது பெறும் நஞ்சின் அளவு, பெரியவர் பெறுவதைவிட மிகுதியாகும். பென்சீனோ கட்டடத் தளத்தின் வெடிப்புகள் வழியே ஆவியாய் அறைக்குள் புகக்கூடும். இவ்வழிகள் ஒவ்வொன்றையும் கணக்கிட்டு, உட்செல்லும் அளவை, தீங்கு விளைவிக்காது எனக் கருதப்படும் அளவோடு ஒப்பிடுவதே உடல்நல இடர் மதிப்பீடு.

மனிதருக்குப் பாதுகாப்பான மண் பிற உயிர்களுக்கும் பாதுகாப்பானது எனக் கொள்ளலாகாது. மனிதர் தாங்கக்கூடிய செம்பின் அளவு, மண்புழுவையும் மீனையும் கொல்லலாம். இதனாலேயே சூழலியல் இடர் தனியாக மதிப்பிடப்படுகிறது. காலாங்கில் இதற்கு மேலும் ஒரு முக்கியத்துவம் உண்டு. ஆலை இயங்கிய காலத்தில் அதன் அருகிலிருந்த நீர் கடலோடு கலந்த கழிமுகமாக இருந்தது. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டபின் அந்நீர்ப்பரப்பு மரினா நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதியாயிற்று. மண் மாறவில்லை, ஆனால் அம்மண்ணிலிருந்து கசியும் நீர் இன்று சென்றடையும் இடம் குடிநீர்த் தேக்கம். பழைய மதிப்பீடு புதிய பயன்பாட்டுக்குப் பொருந்தாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மதிப்பீட்டைத் தவிர்த்தால் நேர்வது என்ன என்பதை நெதர்லாந்தின் லெக்கர்கெர்க் ஊர் காட்டியது. கழிவு கொட்டி நிரப்பிய நிலத்தில் 1970களில் அங்கு வீடுகள் கட்டப்பட்டன. மண்ணிலிருந்த கரைப்பான்கள் குடிநீர்க் குழாய்களைப் பாதித்தன. எவரும் எதிர்பாராத வழி அது. 1980இல் மக்கள் வெளியேற்றப்பட்டனர். கழிவுப் பீப்பாய்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அந்நிகழ்வையொட்டி 1983இல் அந்நாட்டில் மண் தூய்மையாக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அந்நாடு வகுத்த மண் தர அளவீடுகளைச் சிங்கப்பூரின் ஜேடிசி கழகமும் தன் தொழிற்பேட்டை நிலங்களின் ஆய்வில் பயன்படுத்துகிறது. குத்தகையின் தொடக்கத்திலும் முடிவிலும் மண் சோதிக்கப்படுவதால், மாசுபடுத்தியவர் யார் என்பதும் தூய்மை செய்யும் பொறுப்பு யாருடையது என்பதும் தெளிவாகின்றன.

மதிப்பீடு முடிந்தபின் தீர்வு காண்பது எளிதாகும். மண்ணை அகற்றினால் மூலம் நீங்கும். தடுப்பு அமைத்தால் வழி அடைபடும். பயன்பாட்டை மாற்றினால் பாதிக்கப்படுவோர் விலகுவர். எனினும் மூடிவைத்த நஞ்சு மறைந்த நஞ்சன்று. தடுப்பு நிலைத்திருக்கும்வரையே காவல். ஆகவே எதை எங்கே விட்டுவைத்தோம் என்பதைப் பதிவு செய்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதும் இப்பணியின் பகுதியே. நிலத்தின் வரலாற்றைக் கேட்டறிந்தபின் அடிக்கல் நாட்டுவதே, அங்கு வாழ வருவோருக்கு நாம் ஆற்றும் முதற்கடமை.