சோயாமீற் பாணும் அம்மாவின் பங்கும்



ஆனி மாதம் வந்தால் பண்ணைப் பாலத்தால் வரும் வாகனங்கள் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி தாண்டி மண்கும்பானைக் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போகும் அடியார்கள் அவர்கள். அந்த நாட்களில் எங்கள் தீவுப்பகுதி வீடுகளில் மீன்சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். வெளிநாடுகளிலிருந்து உறவினர்கள் வருவதும் அந்த நாட்களில்தான்.

சென்ற ஆனியில் மண்கும்பானில் தாய்மார் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஓர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கனடாவிலை இருந்து அக்காவின்ரை மகள் வந்து நிக்கிறாள். சைவந்தான், ஆனால் பாலும் வேண்டாமாம், நெய்யும் வேண்டாமாம், தயிரும் வேண்டாமாம். அங்கை பாபிகியு சான்ட்விச் எண்டு ஒண்டு சாப்பிடுறவளாம். இறைச்சி மாதிரி இருக்குமாம், ஆனால் இறைச்சி இல்லையாம். நான் எங்கை போறது?"

"கடைக்குப் போங்கோ அக்கா. சோயாமீற் ஒரு பக்கற் வாங்கினால் சரி" என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த நாள் பின்னேரம் அவருடைய குசினியிலேயே செய்து பார்ப்பதென்று முடிவானது. அன்று அந்தக் குசினியில் நடந்த ஒரு சிறு விடயம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அதைச் சொல்ல முன்னர் சோயாமீற் பற்றிச் சில விளக்கங்கள்.

பெயர் புதிது, பொருள் பழையது

பால், முட்டை, தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாதவர்களை வீகன் என்கிறார்கள். இங்கிலாந்தில் 1944 இல் டொனால்ட் வட்சன் என்பவரும் நண்பர்களும் சங்கம் ஒன்றை அமைத்தபோது உருவாக்கிய சொல் இது. எமது சைவ உணவில் பாலுக்கும் நெய்க்கும் தடையில்லை. ஆகவே வீகன் உணவு எமது சைவத்தைவிட ஒருபடி இறுக்கமானது.

இறைச்சியைப் போன்ற தாவர உணவுகளை விற்கும் இன்றைய பெரிய நிறுவனங்கள் சில அமெரிக்காவில் 2009 இலும் அதன் பின்னரும் தோன்றின. ஆனால் சோயாமீற் அதற்கு மிகவும் முந்தியது. அமெரிக்காவில் 1960களில் அது வணிகப் பொருளாக வந்தது. சோயா அவரையிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் மாவை நீருடன் குழைத்து, இயந்திரத்தில் வெப்பமும் அழுத்தமும் கொடுத்துச் சிறு துவாரத்தினூடாகத் தள்ளுவார்கள். வெளியே வரும்போது அது பொரிந்து பஞ்சுபோல் ஆகிவிடும். காயவைத்தால் சோயாமீற். தமிழ்நாட்டில் இதையே மீல்மேக்கர் என்கிறார்கள்.

இலங்கையில் 1970களில் சோயாவைப் பயிராகவும் உணவாகவும் பரப்புவதற்கு முயற்சிகள் நடந்தன. கண்டிக்கு அருகே கன்னொறுவையில் சோயா உணவுகளுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. 1973 இல் தொடங்கிய திரிபோஷாவிலும் சோளத்துடன் சோயா சேர்க்கப்பட்டது. கிளினிக்கில் திரிபோஷா வாங்கிய தாய்மார் எல்லோரும் சோயாவை ஏற்கெனவே அறிந்தவர்களே.

முட்டைக்கு ஈடாகுமா?

சுவையூட்டி சேர்க்காத காய்ந்த சோயாமீற் 100 கிராமில் ஏறத்தாழ 50 கிராம் புரதம் உண்டு. 90 கிராம் பக்கற் ஒன்றை ஆறு பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்குச் சுமார் 7 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு முட்டையில் உள்ளதும் ஏறத்தாழ இதே அளவுதான். இரண்டு துண்டுப் பாணில் இன்னும் 5 கிராம் வரை வரும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிராம் புரதம் தேவை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இதைவிடக் கூடுதலாக வேண்டும்.

தென்பகுதியில் பிஞ்சுப் பலாக்காயை இறைச்சிக்குப் பதிலாகச் சமைப்பார்கள். நார்நாராக, நல்ல சுவையாக இருக்கும். ஆனால் அதில் புரதம் மிகவும் குறைவு. பார்வைக்கு இறைச்சி போல இருப்பது வேறு, இறைச்சியின் புரதத்தைத் தருவது வேறு.

தீவுப்பகுதிக்கு சோயாமீற் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் இருக்கும். சோளகமும் வாடையும் கடுமையாக வீசும் நாட்களில் தொழிலுக்குப் போகமுடியாது. 2022 இல் காற்றில்லாத நாட்களிலும் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக உயர்ந்தது. அலுமாரியில் இரண்டு பக்கற் இருந்த வீடுகளில் அந்நாட்களில் பிள்ளைகளுக்கு ஒரு கறியாவது இருந்தது.

செய்முறை

பாபிகியு என்பது கரீபியன் தீவுகளின் பழங்குடி மக்கள் வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. தணலுக்கு மேலே தட்டி கட்டி மீனையும் இறைச்சியையும் வாட்டும் முறை அது. கருவாட்டைத் தணலில் சுட்டுத் தின்னும் எங்களுக்கு அந்த மணம் புதிதல்ல. பாண் என்ற சொல்லும் போர்த்துக்கேயரிடமிருந்து எங்களிடம் வந்ததுதான்.

ஆறு சான்ட்விச்சுக்குத் தேவையானவை:

சோயாமீற் - 90 கிராம் பக்கற் 1
பாண் - 12 துண்டுகள்
தக்காளிப்பழம் - 2
வெங்காயம் - 2
உள்ளி - 4 பல்லு
பழப்புளி - சிறு நெல்லிக்காய் அளவு
பனங்கட்டி - தூளாக்கி 2 மேசைக்கரண்டி
மிளகாய்த்தூள் - 1 தேக்கரண்டி
மிளகுத்தூள், சீரகத்தூள் - அரைத் தேக்கரண்டி வீதம்
தேங்காயெண்ணெய் - 3 மேசைக்கரண்டி
கோவா, கரட் - மெல்லியதாகச் சீவி 2 கப்
தேசிக்காய் - 1
உப்பு - அளவாக

கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, சோயாமீற்றை அதில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவி, ஒவ்வொரு தடவையும் நன்றாகப் பிழியுங்கள். பிழிவதில்தான் சுவை இருக்கிறது. தண்ணீர் உள்ளே நின்றால் சோயா மணமும் நிற்கும், உறைப்பும் புளிப்பும் உள்ளே போகாது. பிழிந்ததை நீளவாட்டில் கீறிக்கொள்ளுங்கள்.

ஒரு வெங்காயத்தையும் உள்ளியையும் சிறிதாக அரிந்து ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் வதக்கி, தக்காளிப்பழத்தைச் சேர்த்துக் கரைய விடுங்கள். அரைக் கப் நீரில் கரைத்த புளி, தூள்கள், உப்பு, பனங்கட்டி ஆகியவற்றைப் போட்டுத் தடிக்கும்வரை ஏழெட்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். இதுதான் பாபிகியு குழம்பு.

தாச்சியில் மிகுதி எண்ணெயை விட்டு சோயாமீற்றை ஓரம் சிவக்கும்வரை பிரட்டுங்கள். அதன் பின்னரே குழம்பை ஊற்றி, ஒட்டிப் பிடிக்கும்வரை கிளறுங்கள். முதல் தடவை நாங்கள் குழம்பில் தோய்த்து நேரே தணலில் வாட்டினோம். பனங்கட்டி கருகிக் கசந்துவிட்டது. அரைப் பக்கற் வீணானது.

சுட்ட மணம் வேண்டுமானால், நன்றாகச் சிவந்த சிரட்டைக்கரித் துண்டொன்றைச் சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து, அந்தக் கிண்ணத்தை இறக்கிய தாச்சியின் நடுவில் வையுங்கள். கரியின் மேல் இரண்டு துளி எண்ணெய் விட்டு மூன்று நிமிடம் மூடிவிடுங்கள். கதவு யன்னல் திறந்திருக்கட்டும். அதே தணலில் பாணையும் இரண்டு பக்கமும் வாட்டிக்கொள்ளலாம்.

கோவா, கரட், மற்ற வெங்காயம் ஆகியவற்றில் தேசிக்காய் பிழிந்து உப்புப் போட்டுப் பிசறி, சோயாமீற்றுடன் பாணுக்குள் வையுங்கள். தணல் ஆயத்தமாக இருந்தால் எல்லாம் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

பக்கற்றோடு வரும் சுவையூட்டித் தூளில் உப்பு அதிகம். சிலவற்றில் பால்மாவும் இருக்கலாம். வீகன் விருந்தாளிக்குச் செய்வதானால் அதைத் தவிர்த்து, பாணில் மாஜரின் அல்லது பால் சேர்க்கிறார்களா என்று பேக்கரியில் கேட்டு வாங்குங்கள்.

கடைசிப் பாண்

எனக்கு வேண்டாம் என்று முதலே சொல்லியிருந்தேன். அந்த வீட்டில் அக்கா, கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார், கனடாவிலிருந்து வந்த பிள்ளை என்று ஆறு பேர். தட்டில் ஆறு சான்ட்விச். மாமியாருக்கும் விருந்தாளிக்கும் முதலில் கொடுத்தார். பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கணவருக்கு ஒன்றை மூடி வைத்தார். கடைசியில் தட்டில் ஒன்று இருந்தது. அதை இரண்டாகப் பிய்த்து, சோயாமீற் கூடுதலாக இருந்த பாதியைச் சின்ன மகனிடம் நீட்டினார்.

"சித்தி, அது உங்கட" என்றாள் அந்தப் பிள்ளை. "அவன் தன்ரை சாப்பிட்டிட்டான்."

அக்கா சிரித்துச் சமாளித்தார். ஆனால் கை அப்படியே நின்றது. பிறகு என்னிடம் சொன்னார்: "கறியெண்டால் இது தெரியாது தங்கச்சி. அவருக்கும் பிள்ளையளுக்கும் போட்டாப் பிறகு நான் சட்டியிலை கிடக்கிற குழம்போடை சாப்பிட்டிடுவன். நானும் சாப்பிட்டனான் எண்டுதான் நினைக்கிறது. இது எண்ணிக்கையிலை வருது. என்ரை பங்கை நான் குடுத்தால் அது கண்ணுக்குத் தெரியுது."

அடுத்த கூட்டத்தில் இதை அவரே மற்றத் தாய்மாருக்குச் சொன்னார். போன வெள்ளிக்கிழமை வீட்டில் யார் யார் என்ன சாப்பிட்டீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டேன். பிள்ளைகள் சாப்பிட்டதைத் தாய்மார் ஒன்றுவிடாமல் சொன்னார்கள். தாங்கள் சாப்பிட்டதைக் கேட்டபோது பலருக்கு யோசிக்க வேண்டியிருந்தது. "விரதம்", "தேத்தண்ணி", "மிஞ்சினது" என்பவையே பதில்களாக வந்தன.

சமூகவியல் படித்த காலத்தில் அமர்த்தியா சென் குடும்பத்துக்குள் உணவு பங்கிடப்படும் விதம் பற்றி எழுதியவற்றை வாசித்திருக்கிறேன். வீட்டில் உணவு இருக்கிறது என்பதால் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் அது கிடைக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்பது அதன் சாரம். கர்ப்பிணித் தாய்க்கென்று கொடுக்கப்படும் திரிபோஷாவையே வீடு முழுவதும் பங்கிட்டு உண்பதைக் குடும்பநல உத்தியோகத்தர்கள் காண்கிறார்கள். படித்தபோது அது எனக்குப் பரீட்சைக்கான விடையாக இருந்தது. மண்கும்பானில் ஒரு தட்டைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

விரதம் பிடிப்பது அவரவர் நம்பிக்கை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெள்ளி, செவ்வாய், கந்தசஷ்டி, நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஆண்டில் எத்தனையோ நாட்கள் மீன் இல்லாத நாட்கள். அந்த நாட்களில் பருப்போ, கடலையோ, பயறோ, சோயாமீற்றோ இல்லாமல் பாணும் சம்பலுமாகச் சமாளித்தால் முதலில் இளைப்பது தாய்தான்.

சில சந்தேகங்கள்

சோயா சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று ஒரு கதை உலாவுகிறது. உணவாக அளவோடு உண்பதால் அந்த ஆபத்து கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் குளிசைக்கும் சோயா உணவுக்கும் இடையில் சில மணித்தியாலம் விடவேண்டும். வைத்தியரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவேண்டும்.

தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதற்குத் தேசிக்காய்ப்புளி உதவும், தேநீர் தடுக்கும். ஆகவே சாப்பாட்டோடு தேநீர் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். விற்றமின் பி12 தாவர உணவில் கிடைப்பதில்லை. மற்ற நாட்களில் மீனும் முட்டையும் பாலும் உண்பவர்களுக்கு ஒரு சைவ நாளால் குறைவில்லை. முழுநேர வீகன்கள் அதைத் தனியாக எடுக்கவேண்டும். கனடாப் பிள்ளையிடமும் குளிசைப் போத்தல் இருந்தது.

அன்று இரவு கணவர் வந்து சாப்பிட்டுவிட்டு, "மீன் மணம் இல்லாட்டிலும் பரவாயில்லை" என்றாராம். அந்த வீட்டில் அதற்குப் பெரிய பாராட்டு இல்லை. அதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது அக்கா பின்னர் சொன்ன இன்னொரு செய்தி. இப்போது வெள்ளிக்கிழமைகளில் கறி வைத்தாலும், அகப்பையால் முதலில் தனக்கு ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போடுகிறாராம். மாமியார் முதலில் ஒரு மாதிரிப் பார்த்தாராம். இப்போது மாமியாரே கேட்கிறாராம்: "உனக்கு எடுத்து வைச்சிட்டியோ பிள்ளை?"

சகோதரிகளே, வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் பாணோ சோறோ, எதுவானாலும் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணும்போது உங்களையும் சேர்த்து எண்ணுங்கள்.